சிறுபடகின் கேபினுக்கு எந்த ஹீட்டர்?

2019 டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையில் கட்டப்பட்டிருந்த ‘டைவர்ஷன்’ என்ற உல்லாசப் படகில் இருவர் இறந்து கிடந்தார்கள். படகு தீப்பிடிக்கவில்லை, மூழ்கவும் இல்லை. குளிருக்காக ஓடவிட்ட டீசல் ஹீட்டரின் புகைக்குழாய் இணைப்பு படகுக்கு உள்ளேயே விட்டுப்போயிருந்தது. வெளியே போக வேண்டிய புகை கேபினில் நிறைந்தது. கார்பன் மோனாக்சைடு அலாரம் அங்கே இல்லை. அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், 2014 ஜனவரியில், விட்பி துறைமுகத்தில் ‘எஷ்கால்’ என்ற மீன்பிடிப் படகில் இரண்டு மீனவர்கள் அதே நஞ்சுக்கு இரையானார்கள். சமையல் அடுப்பின் கிரில்லை எரியவிட்டு, அந்தச் சூட்டில் தூங்கியவர்கள் அவர்கள். இரண்டு விபத்துகளையும் பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிர் தாங்காமல் மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். அதே வாயுதான். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். படகின் கேபின் ஓர் அறையைவிடச் சிறியது. மழையும் அலையும் நுழையாதபடி அடைக்கப்பட்டது. விலைப்பட்டியல்கள் ஹீட்டர்களைக் கிலோவாட்டாலும் விலையாலும் ஒப்பிடுகின்றன. நான் வைக்கும் முதல் அளவுகோல் வேறு: எரிந்தபின் வரும் புகை எந்த வழியாக, எத்தனை இணைப்புகளைக் கடந்து, படகைவிட்டு வெளியேறுகிறது? இதற்குத் தெளிவான பதில் இல்லாத எந்தக் கருவியும், எவ்வளவு சூடு தந்தாலும், தேர்வுக்கே வரக்கூடாது.

பொதுவாகப் பேசினால் தீர்ப்புக் கிடைக்காது என்பதால் ஒரு படகை எடுத்துக்கொள்கிறேன்: வெஸ்டர்லி சென்டார். 26 அடி நீளம், ஃபைபர் உடல், இரட்டை அடிக்கட்டை. 1969 முதல் 1980 வரை இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் கரையோரங்களில் இன்றும் நிறைய ஓடுகிறது. இதை ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன், டோபர்மோரி பக்கம் வைத்துக்கொள்வோம். மார்ச்சிலும் அக்டோபரிலும் அங்கே இரவு 5 டிகிரிக்கு இறங்குவது இயல்பு. குளிரைவிடக் கொடியது ஈரம். தூங்கும் ஒரு மனிதரின் மூச்சும் வேர்வையுமே ஓர் இரவில் ஏறக்குறைய அரை லிட்டர் நீரைக் காற்றில் கலக்கின்றன. அது குளிர்ந்த ஃபைபர் கூரையில் படிந்து, விடியுமுன் படுக்கையில் சொட்டும். ஆகவே ஹீட்டருக்கு இரண்டு வேலை: சூடாக்குவது, உலர்த்துவது. இரண்டாவதைச் செய்யாத ஹீட்டர் பாதி வேலைதான் செய்கிறது.

எவ்வளவு சூடு வேண்டும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதே முதல் பிழை. சென்டாரின் கேபின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்துச் சுமார் 30 சதுர மீட்டர் என்று கொள்ளலாம். வெறும் ஃபைபர் சுவர், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 வாட் வரை இழக்கும். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் இழப்பு கிட்டத்தட்ட 2 கிலோவாட். கூரைக்கும் பக்கச் சுவருக்கும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மூடுநுரைத் தகடு ஒட்டினால் அது பாதியாகக் குறையும். நுரைத் தகட்டின் விலை ஹீட்டர் விலையில் சிறு பங்கு. அது எரிபொருள் குடிக்காது, பழுதாகாது, சுவரில் நீர் படிவதையும் தடுக்கும். இந்தப் படகுக்கு 2 கிலோவாட் போதும். 4 கிலோவாட் வாங்குவது வசதி போலத் தோன்றினாலும் கெடுதல்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியவற்றை ஒதுக்கிவிடலாம். புகைபோக்கி இல்லாத எல்லா எரிப்பான்களும், அதாவது சமையல் அடுப்பு, அதன்மேல் கவிழ்த்த மண்சட்டி, கேபினுக்குள் நேரடியாக எரியும் காஸ் ஹீட்டர், ஸ்பிரிட் ஹீட்டர் எல்லாமே இதில் அடங்கும். மண்சட்டி கூடுதலாக ஒரு வாட் சூட்டையும் உண்டாக்காது. அடுப்பின் சூட்டைத் தேக்கி மெல்லத் தருகிறது, அவ்வளவுதான். நஞ்சு ஒரு பக்கம் இருக்கட்டும், ஈரக் கணக்கிலேயே இவை தோற்றுவிடுகின்றன. ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. புகைபோக்கி இல்லையென்றால் அவ்வளவும் கேபினுக்குள்தான். உலர்த்த வந்த கருவியே நனைக்கிறது. சன்னலைத் திறந்துவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். இரவு இரண்டு மணிக்குக் குளிர்காற்று வீசும்போது அரைத்தூக்கத்தில் எழுந்து அந்தச் சன்னலைச் சாத்துவது மனித இயல்பு. ஆட்கள் களைத்திருக்கும் நேரத்திலும் தானாகவே காப்பாற்றும் அமைப்புதான் வேண்டும்.

மின் ஹீட்டருக்கு நியாயமான ஓர் இடம் உண்டு. படகுத்துறையில் கட்டி, கரை மின்சாரம் எடுத்துக்கொண்டு, வாரக்கடைசியில் அங்கேயே தூங்குகிறவருக்கு ஒரு கிலோவாட் எண்ணெய் ரேடியேட்டர் போதும். புகை இல்லை, ஈரம் இல்லை. அவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொண்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் நங்கூரமிட்ட படகில் ஒரு கிலோவாட்டைப் பத்து மணி நேரம் ஓட்ட 10 கிலோவாட்-மணி வேண்டும். 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதியை மட்டுமே எடுக்கலாம் என்று வைத்தால் பதினேழு பாட்டரி. அதே சூட்டை ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் டீசல் தந்துவிடுகிறது.

இரும்பு அடுப்பைப் பற்றிப் பேசும்போது அதை நேசிப்பவர்களின் மனம் புண்படக்கூடாது. அந்த நேசத்துக்குக் காரணம் உண்டு. டென்மார்க்கில் 1853இல் தொடங்கிய மோர்சோ வார்ப்பாலையின் ‘ஸ்குவிரல்’ அடுப்பு இங்கிலாந்துக் கால்வாய்களின் நீள்படகுகளில் வீட்டு உறுப்பினர் போல இருக்கிறது. கனமான எஃகுப் படகு, சாயாத கால்வாய் நீர், கரையிலேயே கிடைக்கும் நிலக்கரியும் விறகும். மின்சாரமே வேண்டாம். வெப்பம் கதிராக வந்து எலும்பில் படும். அங்கே அதற்கு இணை வேறில்லை. சென்டார் பாய்விரித்து 20 டிகிரி சாய்ந்து ஓடும் படகு. அதில் சிவக்கக் காய்ந்த இரும்பையும் நெருப்புத் துண்டுகளையும் சுமந்து செல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நங்கூரத்தில் மட்டும் எரிப்பேன் என்றாலும், மரப்பலகைகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டிய இடைவெளி இந்தக் குறுகிய கேபினில் இல்லை. இரவில் காற்றைக் குறைத்துக் கங்காக அமர்த்திவைக்கும் நேரம்தான் கரி மிக அதிகமாகக் கார்பன் மோனாக்சைடை விடும் நேரம் என்பதையும் மறக்கக்கூடாது.

சொட்டு டீசல் அடுப்போடுதான் உண்மையான போட்டி. கனடாவின் டிக்கின்சன், டென்மார்க்கின் ரெஃப்லெக்ஸ் முதலியவை. மேலே ஒரு சிறு தொட்டி, மிதவையால் கட்டுப்படும் ஒரு வால்வு, கீழே எரிகிண்ணம். டீசல் தன் எடையாலேயே இறங்கிச் சொட்டி எரிகிறது. விசிறியும் இல்லை, பம்பும் இல்லை, சத்தமும் இல்லை. பாட்டரி செத்தாலும் சூடு இருக்கும். நாற்பது ஆண்டு ஓடிய அடுப்பையும் ஒரு சாவிக்கட்டோடு பிரித்துச் சேர்த்துவிடலாம். வட கடலில் மீன்பிடிப் படகுகள் இதை நம்பியது வீணல்ல. ஆனால் இதன் உயிர் புகைபோக்கியின் இழுப்பில் இருக்கிறது. நேராக, உயரமாகப் போகும் குழாய் வேண்டும். சென்டாரில் அடுப்பின் தலையிலிருந்து தளம்வரை கிடைக்கும் உயரம் குறைவு. தளத்துக்கு மேல் நீட்டினால் பாய்க்கட்டையின் கீழ்க்கழி குறுக்கே வரும். பாயிலிருந்து கீழ்நோக்கி விழும் காற்று புகையை உள்ளே திருப்பித் தள்ளும். தவிர, இது எரிவதற்கான காற்றைக் கேபினிலிருந்தே எடுக்கிறது. மூடவே முடியாத காற்றுத்துளை ஒன்று நிரந்தரமாக வேண்டும். சூடு கூரையில் நிற்கும், கால் குளிரும். கப்பல் போன்ற கனத்த முப்பத்தைந்தடிப் படகில் வருடம் முழுக்க வாழ்கிறவருக்கு நான் இதையே சொல்வேன். சென்டாரின் உயரத்துக்கு இது பொருந்தவில்லை.

மூடிய எரியறை கொண்ட காஸ் காற்றூதி ஹீட்டர் (புரோபெக்ஸ் வகை) நேர்மையான கருவி. எரிகாற்றும் புகையும் தனிக் குழாய்களில் வெளியிலிருந்து வந்து வெளியே போகின்றன. புகை சுத்தம், கரி படியாது, பொருத்துவது எளிது. 2 கிலோவாட் வகை முழுவீச்சில் மணிக்குச் சுமார் 140 கிராம் காஸ் எடுக்கும், 4.5 கிலோ சிலிண்டர் முப்பத்திரண்டு மணி நேரம்தான் தாங்கும். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஆவியாகவே மறுக்கும். குளிருக்குப் புரோப்பேன்தான் வேண்டும். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிப்பள்ளத்தில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பெட்ரோல் எஞ்சின் படகில், டீசலே இல்லாத இடத்தில், இது முதல் தேர்வு. சென்டாரில் ஏற்கனவே டீசல் தொட்டி இருக்கிறது.

மிஞ்சுவது டீசல் காற்றூதி ஹீட்டர். வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் என்ற இரண்டு ஜெர்மன் நிறுவனங்கள் வளர்த்தெடுத்த வடிவம். 2 கிலோவாட் வகை முழுவீச்சில் மணிக்குக் கால் லிட்டர், தணித்தால் சுமார் 0.1 லிட்டர் டீசல் எடுக்கும். ஓடும்போது 10 முதல் 30 வாட் மின்சாரம். ஓர் இரவுக்கு ஏறக்குறைய 17 ஆம்பியர்-மணி. இது தாங்கக்கூடியது. உலர்த்தும் வேலையில் இதற்கு நிகரில்லை: வெளியிலிருந்து 5 டிகிரியில் நிறைஈரக் காற்றை எடுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போய்விடும். உள்ளிருக்கும் காற்றையே சுற்றவிட்டால் எரிபொருள் மிச்சம், ஆனால் ஈரம் தங்கும். பாதிக்குப் பாதி வெளிக்காற்று என்று வைப்பது என் பரிந்துரை.

இப்போது 4 கிலோவாட் ஏன் கெடுதல் என்பது. தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் ஐந்தே நிமிடத்தில் கேபினைக் காய்ச்சிவிட்டு, மீதி இரவெல்லாம் மிகத் தணிந்த சுடரில் ஓடும். தணிந்த சுடரில் டீசல் முழுதாக எரியாமல் எரியறையில் கரி படியும். கரி படிந்த ஹீட்டர் பற்றாது, புகையும், கடைசியில் நின்றுபோகும். சரியான அளவுள்ளதையும் அவ்வப்போது அரைமணி நேரம் முழுவீச்சில் ஓட்டிக் கரியை எரித்துவிட வேண்டும்.

இங்கே மலிவு ஹீட்டர்களைப் பற்றி நேராகப் பேசியாக வேண்டும். இதே வடிவத்தின் சீன நகல்கள் நூறு, நூற்றைம்பது பவுண்டுக்குக் கிடைக்கின்றன. ஜெர்மன் நிறுவனத்தின் படகுத் தொகுப்புக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேல். அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் 5, 8 கிலோவாட் எண்கள் பல வேளை ஒரே அளவு உடலின்மேல் ஒட்டப்பட்டவை. ஆனால் அவற்றை எரிப்பான் தரக்குறைவு என்று தள்ளுவது சரியான திறனாய்வு ஆகாது. பலரிடம் அவை நன்றாகவே ஓடுகின்றன, காசில்லாதவரும் குளிரில் நடுங்கக்கூடாது. குறை வேறிடத்தில். அந்தத் தொகுப்புகள் லாரிக்கும் வேனுக்கும் செய்யப்பட்டவை. வண்டியில் சைலன்சரும் புகைக்குழாயும் வண்டிக்கு அடியில், திறந்த காற்றில் தொங்குகின்றன. அங்கே மடித்து அழுத்திய தையல் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும், நீர் வடிய ஒரு துளை இருந்தாலும் கேடில்லை. படகில் அதே குழாய் முழுவதும் உள்ளே ஓடுகிறது. வண்டியில் பொருட்படுத்தத் தேவையில்லாத கசிவு இங்கே படுக்கைக்குப் பக்கத்தில் நிகழ்கிறது. ‘என்னுடையது மூன்று வருடமாக ஓடுகிறது’ என்பது இதற்குப் பதிலாகாது. இணைப்புகள் அதிர்விலும் உப்பிலும் காலப்போக்கில்தான் விடுகின்றன. படகுத் தொகுப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு நல்ல பங்கு, கசியாதபடி பற்றவைத்த சைலன்சருக்கும் உறையிட்ட குழாய்க்கும் உடலைத் துளைத்துச் செல்லும் முறையான பொருத்திக்கும்தான் போகிறது. அது வீண் செலவு அல்ல.

பொருத்துவதைப் பற்றி. சென்டாரில் ஹீட்டருக்கு இயல்பான இடம் பின்பக்கக் காக்பிட் பெட்டி. அங்கிருந்து பின்சுவர் வழியாகப் புகையை வெளியேற்றலாம். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அது முதலில் மேலேறி, ஒரு வளைவு போட்டு, பிறகு வெளித்துளைக்கு இறங்க வேண்டும். அப்போது பின்னாலிருந்து அலை ஏறி வந்தாலும் கடல்நீர் எரியறைக்குப் போகாது. துளை, படகு முழுதாகச் சாய்ந்தாலும் நீர்க்கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். புகைக்குழாய் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும்; கயிறு, மிதவை, பாய்த்துணி அடைத்து வைக்கும் பெட்டியில் அது உறையில்லாமல் போகக்கூடாது. முடிந்தால் குழாய்க்கும் சாமான்களுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். கனத்த நங்கூரச் சங்கிலி விழுந்து இணைப்பைத் தட்டிவிட ஒரு அலை போதும்.

நங்கூரத்தில் படகு பெரும்பாலும் காற்றை நோக்கி நிற்பதால் பின்சுவர்ப் புகை விலகிப் போய்விடும். படகுத்துறையில் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். பின்னாலிருந்து வந்தால் புகை காக்பிட் வழியே வாசலுக்குத் திரும்பும். காக்பிட்டைக் கூடாரத் துணியால் மூடியிருந்தால் இன்னும் மோசம். ஹீட்டரின் எரிகாற்றுக் குழாயும் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்தால், கசிவு ஏற்படும் நாளில் அது தன் புகையையே குடித்து மேலும் நஞ்சாக எரியும். அதை வெளிக்காற்றுக்குக் கொண்டுபோவது ஒரு மணி நேரக் கூடுதல் வேலை, செய்துவிட வேண்டும்.

எரிபொருளுக்குத் தொட்டியில் தனி உறிஞ்சுகுழாய் வையுங்கள், அதுவும் அடியைத் தொடாமல் சற்று மேலே நிற்கும்படி. இரவெல்லாம் ஹீட்டர் ஓடித் தொட்டியை வற்றச் செய்தாலும், காலையில் எஞ்சினுக்குத் துறை சேரும் அளவு டீசல் மிஞ்சும். சொட்டுப் பம்பு வாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். குமிழி தங்கினால் சுடர் தடுமாறும். ஹீட்டர் பற்றவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதி மின்கம்பியின் குற்றம்: பற்றும் நேரத்தில் க்ளோ பிளக் எட்டுப் பத்து ஆம்பியர் இழுக்கும், மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழுந்து ஹீட்டர் தானே அணைந்துவிடும். கனமான கம்பியை, ஃப்யூஸ் வைத்து, நேரே பாட்டரியிலிருந்து இழுங்கள். அணைக்கும்போது பிரதான சுவிட்சைத் திருகி நிறுத்தக்கூடாது. விசிறி சில நிமிடம் ஓடி எரியறையை ஆற்ற வேண்டும். சூட்டுக்காற்றுக் குழாய் குளிர்ந்த பெட்டியைக் கடக்கும் இடமெல்லாம் உறை போடாவிட்டால், கேபினுக்குக் கொண்டுவர நினைத்த சூட்டில் நல்ல பங்கைக் கயிறுகளுக்குக் கொடுத்தவராவீர்கள்.

அலாரம். பிரிட்டனின் ஆறு, கால்வாய்ப் படகுகளுக்கான பாதுகாப்புத் திட்டம் 2019 ஏப்ரல் முதல் கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக் கட்டாயமாக்கியது. கடலில் ஓடும் சொந்தப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஓபனிலிருக்கும் சென்டார்காரரை யாரும் கேட்கமாட்டார்கள். ஆகவே அவர் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்கான அலாரம் வேண்டாம். படகின் ஈரத்துக்கும் அதிர்வுக்கும் சோதிக்கப்பட்ட ‘இஎன் 50291-2’ முத்திரை கொண்டது வேண்டும். தூங்கும் இடத்துக்கு ஒன்று.

என் தீர்ப்பு இது. நங்கூரத்தில் தூங்கும் சென்டார் அளவுப் படகுக்கு 2 கிலோவாட் டீசல் காற்றூதி ஹீட்டர், படகுக்கென்றே செய்த கசியாத புகைக்குழாய்த் தொகுப்புடன். மலிவு ஹீட்டரை வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், அதனுடன் வந்த சைலன்சரையும் குழாயையும் எறிந்துவிட்டுப் படகுக்குரியதைத் தனியாக வாங்குங்கள். அதற்குப் பணமில்லை என்றால் ஹீட்டரையே வாங்காதீர்கள். இந்த ஆண்டு நுரைத் தகடு, கம்பளிப் படுக்கை, அலாரம். ஹீட்டர் அடுத்த ஆண்டு. பொருத்திய பிறகும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பெட்டியைக் காலிசெய்து, ஹீட்டர் முதல் வெளித்துளை வரை ஒவ்வொரு இணைப்பையும் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடுகிற கிளாம்ப் ஒன்று இருந்தாலும், அதை மாற்றும்வரை அந்த ஹீட்டரைப் பற்றவைக்காதீர்கள்.